கோட்டா நார்

இடது கை அரிக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்து கிடக்கிறது. காலையில் வேலியோரத்து ரயில் கற்றாழையில் நார் எடுக்க நாலு மட்டை வெட்டிச் சீவினேன். அதன் பால் தெறித்த இடமெல்லாம் இப்படி. புளியைக் கரைத்துத் தேய்த்தால் அடங்கிவிடும். நீதான் சொல்லிக் கொடுத்தாய். சமையல்கட்டில் புளி இருக்கிறது. எழுந்து போகாமல் சொறிந்துகொண்டே உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, நம்மிடம் படித்த அஞ்சலை வந்து போனதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நீ போய்விட்டாய் என்று சொல்ல வந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொல்லவே யாருக்கோ தோன்றியிருக்கிறது. அது நியாயம்தான். ஆனால் புறப்படும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் நடுவிலேயே எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். அதில் எனக்குப் பழக்கம் ஜாஸ்தி.

கள்ளக்குறிச்சியில் நமக்குக் கிடைத்த பயிற்சி மையம் ஒரு பழைய நெல் குடோன். கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று வெடிக்கும். இளம் பிள்ளைகளுக்கு நார்ப்பொருள் செய்யக் கற்றுக் கொடுக்க இரண்டு ஆசிரியைகள். நான் சங்கராபுரத்திலிருந்து மார்க் ஷீட்டைக் காட்டி வேலை வாங்கியவள். நீ கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவள். நேர்முகத் தேர்வில் உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரு கைப்பிடி நாரைக் கொடுத்தார்களாம். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நீ ஒரு முழக் கயிறு திரித்து மேசை மேல் வைத்தாயாம். நீயே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். பிள்ளைகள் உன்னை மலை டீச்சர் என்றார்கள். நீ என்னைப் பெயர் சொல்லியா கூப்பிட்டாய்? "இன்னா சங்கராபுரம், சாப்ட்டியா?" என்பாய். ஊரே வந்து உன் எதிரில் நிற்பதுபோல.

எனக்குக் கை வராது. இதை இப்போது எழுதுவது சுலபமாக இருக்கிறது. அப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவு, கணக்கு, பின்னல் படம், நாரின் வகை எல்லாம் பலகையில் பிசகாமல் எழுதுவேன். நானே திரித்த கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் நழுவிக்கொண்டு போய்விடும். நீ சத்தமில்லாமல் வாங்கி, நழுவிய இடத்தைப் பிரித்து, உன் தொடையில் வைத்து ஒரு உருட்டு உருட்டித் திருப்பிக் கொடுப்பாய். "பழைய நாரு தீர்ற வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்க? அது இருக்கும்போதே புதுசு உள்ள போயிடணும்" என்பாய். எத்தனை முறை சொன்னாய் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நாம் முதல் முறை நேருக்கு நேர் மோதிக்கொண்டது அஞ்சலையால். நைனார்பாளையத்திலிருந்து வந்த பெண். வீட்டில் எல்லோரும் கூலி வேலை. அவளும் கரும்பு வெட்டப் போய், கத்தி பட்டு, இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனவள். கரும்புக் கட்டு ஏந்த முடியாத பெண்ணை எந்த மேஸ்திரியும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இந்தச் சான்றிதழ் கையில் வந்தால் விடுதியிலோ பள்ளியிலோ கைத்தொழில் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு மனுப் போடலாம். வராவிட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. இது நம் இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும்.

சீவி, அலசி, காய வைத்த நாரை நீளம் பார்த்து ஒதுக்குவது உன் வேலை. நீள நார், நடு நார், குட்டை நார் என்று மூன்று குவியல். எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் பங்கு வை என்று நான் சொல்லியிருந்தேன். நீ என்ன செய்தாய்? நீள நார் முழுவதையும் அள்ளி அஞ்சலை முன்னால் வைத்தாய். நன்றாகத் திரிக்கிற பிள்ளைகளுக்குக் குட்டை நார்.

"இது என்ன நியாயம்? நல்லா செய்யறவங்களுக்குத்தானே நல்ல நார்?" என்று நான் கேட்டேன்.

"குட்டை நாரு இருக்கு பாரு, சாண் சாணுக்கு சேர்த்துக்கினே இருக்கணும். சேர்க்கிற எடத்துலதான் நழுவும். கை வந்தவ எதுல வேணா திரிப்பா. கை வராதவளுக்கு நீள நாரு குடுத்தாதான் சேர்க்கிற எடம் கம்மியாவும், அவளும் ஒரு கயிறு பார்ப்பா."

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஊரெங்கும் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். டீக்கடையில், பஸ்ஸில், கிணற்றடியில் அதே பேச்சு. அஞ்சலையின் குவியலுக்கு அன்று மதியமே 'கோட்டா நார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் கூச்சப்படாமல், "எங்க என் கோட்டா நாரு?" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவோம், யாருக்கு எது வருகிறதோ அதுதான் நியாயம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

என் அண்ணன் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவன். எங்கள் வீட்டில் சோறு வேகும்போதும் அந்தப் பேச்சுதான் வேகும். எங்கள் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று நானும் அவனோடு சேர்ந்து பேசுவேன். அது உனக்குத் தெரியும். ஒருநாள் நாரை உதறிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நீ சொன்னாய்: "உங்க வூட்டுல ரோட்டுல நின்னு கேக்கறத, நீ இந்த குடோனுக்குள்ள தப்புன்ற. இன்னா சங்கராபுரம் நீ?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன். வேறு காரணம் இருப்பதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நீ ஏதோ கையெழுத்துப் போட மேல் அலுவலகத்துக்குப் போயிருந்தாய். பரீட்சை எப்படி என்று நமக்குத் தெரியும். ஒவ்வொருவரும் கயிறு திரித்து, அதிலேயே ஓர் உறி பின்ன வேண்டும். தேர்வாளர் அந்த உறியில் நிறை குடம் வைத்துத் தொங்கவிடுவார். குடம் நின்றால் பாஸ். அந்த ஒரு நாளுக்காக நீ மூலையில் ஒரு கட்டு நீள நாரை அஞ்சலைக்கென்று சாக்கு மூடி வைத்திருந்தாய். நான் அந்தச் சாக்கைப் பிரித்தேன். இருந்த எல்லா நாரையும் ஒன்றாகக் கலந்தேன். பேர் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். அஞ்சலைக்கு வந்ததில் பாதிக்கு மேல் குட்டை நார். அவள் மடங்காத விரல்களைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் அவரவர் பங்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை நீ வந்து மூலையைப் பார்த்தாய். காலிச் சாக்கு. என்னைப் பார்த்தாய். சண்டைக்கு ஆயத்தமாக ஒரு பட்டியலே வைத்திருந்தேன். நீ "சரி" என்றாய். அவ்வளவுதான். ஆணியில் மாட்டியிருந்த கொடுவாளை எடுத்தாய். அஞ்சலையை வா என்று தலையசைத்தாய். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "வரேன்" என்றாய்.

எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கீழே வேலிகளில் நிற்கும் கற்றாழையெல்லாம் முழ நீளம் தாண்டாது. உங்கள் ஊர்ச் சரிவில்தான் ஆள் மார்பளவு மட்டை. கொடுவாளோடு கச்சிராயபாளையம் பஸ் பக்கம் நடக்கிறவள் வேறு எங்கே போவாள்?

நீங்கள் மலையேறிய மறுநாள் மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரப் புளிய மரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, தபால் இல்லை. எங்கே பார்த்தாலும் போலீஸ். நீ எங்கே இருக்கிறாய், இறங்கினாயா, மாட்டிக்கொண்டாயா, ஒன்றும் தெரியவில்லை. குடோன் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்து நடந்து என் செருப்பு வார் அறுந்தது. பரீட்சை தள்ளிப்போகும் என்று நினைத்தேன். தள்ளிப்போகவில்லை. தேர்வாளர் மறியலுக்கு முந்தின நாளே வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்டிருந்தார். "சும்மா ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு இதையாவது முடிச்சிடலாமே, இன்னா?" என்று பரீட்சை நாள் காலையிலேயே வந்து நின்றார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நடந்தே வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். தனியாக. தலையில் ஒரு கட்டு நார், முழங்கால் வரை புழுதி, கன்னத்தில் புளியங்கிளை கிழித்த கோடு. கட்டை இறக்காமலே சொன்னாள்.

"டீச்சர், மலை டீச்சர ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிட்டாங்க. ஆத்துப் பாலத்தாண்ட புடிச்சாங்க. இன்னா மூட்டைன்னாரு அந்த போலீஸ்காரு. நான் தெரியாம கோட்டா நாரு சார்னு சொல்லிட்டேன்."

"ஐயோ."

"எந்த கோட்டான்னாரு. எனக்குன்னு ஒதுக்கின கோட்டா சார்ன்னேன். டீச்சர் கையில கொடுவா. மூட்டையில நாரு, கயிறு. மரம் சாய்க்கத்தான் கயிறு எடுத்துக்கினு போறீங்கன்னு சொல்லிட்டாரு. டீச்சர்தான், நான் இங்கயே இருக்கேன், அந்தப் பொண்ணுக்குப் பரீட்ச, அத்த வுடுங்கன்னு சொல்லி என்னை அனுப்பினாங்க. நம்ம சென்டர்லருந்து யார்னா வந்து, இவங்க எங்க ஆளுன்னு ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்களாம். நீங்க போங்க டீச்சர்."

ஸ்டேஷன் ஒன்றரை மணி நேர நடை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியை ஒருவர் கூட இருக்காவிட்டால் பரீட்சை செல்லாது என்றார். அது விதிதான். நான் பொய் சொல்லவில்லை. "பரீட்சை முடியட்டும், போறேன்" என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பலகை பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று அவள் திரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மடங்காத இரண்டு விரலையும் விறைப்பாக வைத்து, அவற்றுக்கு நடுவில் நாரைக் கொடுத்து, தொடையில் உருட்டினாள். உன் நார் நீளமாக வந்துகொண்டே இருந்தது. முழு உறிக்கும் அவள் நார் சேர்த்த இடம் விரல் விட்டு எண்ணிவிடலாம். குடத்தில் தண்ணீர் நிரப்பித் தேர்வாளரே மாட்டினார். உறி ஒருமுறை கிரீச்சென்றது. குடம் லேசாகச் சுற்றியது. பிறகு நின்றது.

மாலையில் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெட்டிக் கிடந்த மரங்களை ஏறித் தாண்டி ஏறித் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்தேன். நீ பின்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாய்! வாளிக் கயிறு இற்றுப்போயிருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார உன்னால் முடியவில்லையாம். பிடித்து வைத்த போலீஸ்காரரே கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நீ கேட்டது ஒரே வார்த்தை.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாய். ஏன் காலையிலேயே வரவில்லை என்று கேட்கவில்லை. கொடுவாளை அவர்கள் தரவில்லை. திரும்பும் வழியில் ஒரு புளிய மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, "உங்க அண்ணன் வெட்டினதா பாரு, வெட்டு நேரா இல்ல" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நம் இருவருக்குள்ளும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மேல் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியை ஒருவர் ஆயுதத்தோடும் கயிற்றோடும் காவல்துறையால் நிறுத்தி வைக்கப்பட்டது ஏன், எழுத்து மூலம் விளக்கம் தரவும். அடுத்த குழுவுக்கு ஓர் ஆசிரியைதான் என்ற பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. நான் விளக்கம் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் ஒரே வரி: 'எனக்குத் தெரிவிக்காமல் மையத்தை விட்டுச் சென்றார்.'

அந்த வரியை எத்தனை வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன் தெரியுமா? நீ "வரேன்" என்றுதானே சொன்னாய்? போகிறேன் என்று சொல்லவில்லையே? எங்கே என்று சொல்லவில்லையே? நம் ஊரில் போகிறவள் எவள் போகிறேன் என்று சொல்கிறாள்? வரேன் என்றால் போகிறேன் என்று பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதாம்! சாக்கைப் பிரித்தது நான் என்று அந்தத் தாளில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

உன்னை எடுக்கவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள். பிறகு நிரந்தரம், பதவி உயர்வு, நாற்காலி, மின்விசிறி எல்லாம் வந்தன. நீ வெள்ளிமலைப் பக்கம் உன் வீட்டு வாசலிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு மூன்று முறை பார்த்தோம். ஒருமுறை மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாய். உன் பஸ் நகரும்போது ஜன்னல் வழியே, "இன்னா சங்கராபுரம், கை வந்துச்சா?" என்று கத்தினாய். கயிற்றைக் கேட்கிறாய் என்று நினைத்து, இல்லை என்று கையை ஆட்டினேன். சொல்லிவிடலாம், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்றே இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சலை சொன்னது இதுதான். அவள் விடுதியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நார் வேலை சொல்லிக் கொடுத்து இப்போது ஓய்வு பெறப் போகிறாள். நரைத்துவிட்டாள். காபி டம்ளரை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில்தான் பிடிக்கிறாள்.

"உங்க லெட்டரோட நகல் மலை டீச்சருக்கும் வந்துச்சி டீச்சர். அப்பவே வந்துச்சி. எங்கிட்ட காமிச்சாங்க."

என் கையில் இருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

"எனக்குன்னா அப்பிடி ஒரு கோவம். வாங்க, நானும் வரேன், ஆபீஸ்ல போய் நடந்தத சொல்லலாம்னேன். வேணாம்னுட்டாங்க. 'அவளுக்குக் கை வராது அஞ்சல. அந்த வேலய வுட்டா அவளுக்கு வேற இன்னா தெரியும்? நாம குட்டை நாருல பொழச்சிக்குவோம், வுடு'ன்னாங்க."

சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தாள். "வரேன் டீச்சர்" என்று போய்விட்டாள்.

எனக்கு உன்மேல் அடங்காத கோபம். என்னைத் திட்டியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க என் கூந்தலைப் பிடித்திருக்கலாம். உன் வேலையையே சாக்குக் கட்டிலிருந்து உருவி என் முன்னால் வைத்துவிட்டு, கொய்யாப்பழமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். என் சம்பளம், என் ஓய்வூதியம், இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த வீடு எல்லாமே கோட்டா நார். உன்னைக் கேட்காமல் நான் சீட்டுக் குலுக்கிய அதே நார்.

அதனால்தான் காலையில் கற்றாழை வெட்டப் போனேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கிடைத்ததில் நீளமான நாரையெல்லாம் ஒரு சாக்கில் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன். நாளைக்கு அஞ்சலையின் விடுதிக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே கை வராத ஒருத்தி கட்டாயம் இருப்பாள். எனக்கென்று குட்டை நாரை வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை திரித்துவிட்டேன். மூன்று முறையும் சேர்த்த இடத்தில் நழுவிவிட்டது. பழைய நார் தீருகிற வரைக்கும் காத்திருக்கிறேன் போலிருக்கிறது.

கை அரிக்கிறது. புளி தேய்க்கப் போவதில்லை. நாலாவது முறை திரிக்க உட்காருகிறேன்.